கடைமடை சார்மீது எனக்குள்ள பொறாமை

காவிரிப் பாசனப் பகுதி முழுவதையும் சலித்தாலும், என் வயிற்றெரிச்சலைக் கடைமடை சார் அளவுக்குக் கொட்டிக்கொண்ட இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் இடம் கடைமடை. எங்கள் கீழ்வேளூர்ப் பக்கமே கடைமடைதான். எங்கள் பள்ளி பி.டி. சாருக்குத் தலைக்குள்ளும் அதே கதை; அதனால்தான் அவர் கடைமடை சார். திங்கட்கிழமை சொன்ன ஜோக்குக்கு வியாழக்கிழமை சிரிப்பார். ஒருமுறை அந்த வியாழக்கிழமை இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓட்டப்பந்தயத்தில் அவர் விசில் ஊதும்போது பிள்ளைகள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் தமிழாசிரியர். காலை வழிபாட்டில் ‘இன்றைய சிந்தனை’ என்னுடையது. துன்பமா, அழகா, தன்னை அறிதலா, எதைக் கேட்டாலும் சட்டைப்பையில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். ஆண்டு விழாவில் ‘வாழ்க்கை’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசுவதும் நான்தான். பதினோரு வருடமாக அந்த மைக்கை யாருக்கும் விட்டுத் தந்ததில்லை.

கணக்கு வாத்தியார் சாகுல் நாகூர்க்காரர். அவர் மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. ஸ்டாஃப் ரூமில் அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், “துன்பம்ங்கறது உளி சார், நம்மளச் செதுக்கத்தான் வருது” என்றேன். “ஆமா சார்” என்றவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கடைமடை சார் பாட்டுக்குத் தயிர்சாதத்தை மென்றுகொண்டிருந்தார். நாலாம் நாள் திடீரென்று, “சாகுல் பாய், பாப்பா சாப்பிடுதா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான், சாகுல் குலுங்கிக் குலுங்கி அழுதார். “இத்தன பேரு ஆறுதல் சொன்னாங்க சார், புள்ளையப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கல” என்றார். கடைத்தெரு வரைக்கும் அதே பேச்சு. என் உளியை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்குக் காதில் புகை வந்தது.

தாராசுரம் கோயிலுக்குப் பள்ளிச் சுற்றுலா போனோம். அழகைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைமடை சார் ஒரு தூணின் முன்னால் வாயைத் திறந்தபடி நின்றார். அடுத்த வாரம், வழிபாட்டின் நடுவே, “அந்தத் தூணு... அடேயப்பா!” என்றார். மைதானமே கைதட்டியது.

நானும் மௌனம் பழகிப் பார்த்தேன். யார் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. இரண்டாம் நாள் தலைமையாசிரியை, “பல்வலியா சார்?” என்று விசாரித்தார். வீட்டில் மனைவி, “இப்படியே இருங்களேன், நல்லாருக்கு” என்றாள்.

இந்த வருடம் தலையில் இடி விழுந்தது. “ஆண்டு விழாவுல பி.டி. சார் பேசட்டுமே” என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் வெடித்தேன். “சார், உங்களுக்கு இருக்கறது ஞானம் இல்ல, மந்தம். ஊரு ஏமாந்துபோய்க் கிடக்கு!” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாகுல் பார்த்தார். நான் கூனிக் குறுகிப்போனேன்.

மூன்று நாள் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கி நடந்தேன். நாலாம் நாள் சைக்கிள் ஸ்டாண்டில் மடக்கிவிட்டார்.

“சார், நீங்க சொன்னத யோசிச்சுப் பாத்தேன். மந்தம்தான் சார். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். நீங்க டக்கு டக்குனு பேசறப்பல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும். விழாவுல நீங்களே பேசுங்க, எச்.எம். டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க பேசறதக் கேக்க எனக்குப் பிடிக்கும் சார்.”

என் பேச்சைக் கேட்கப் பிடிக்கும் என்று பெற்ற தாய்கூடச் சொன்னதில்லை. தன்னை மந்தம் என்று அவரால் சிரித்தபடி சொல்ல முடிந்தது. நானும்தான் பொறாமைக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன்னை அறிதல் பற்றி அத்தனை வாக்கியம் சேர்த்து வைத்திருந்தவன், அவர் சைக்கிளைப் பள்ளி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன்.

விழாவில் பேசினேன். ஏழே நிமிடம்.

அவர்மீது எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை. அவர் லீவு போட்ட நாளில் மட்டும் அது இருப்பதில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடும் இறங்குவதில்லை.