இரண்டு நிமிடம் நான்கு நொடி

மனிதர்களில் நொடிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வார நாட்களில் பல் பிடுங்குவார், பத்திரம் எழுதுவார், விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுவார். பார்வைக்குச் சாதுவாகத்தான் இருப்பார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் கட்டணம் கட்டி, இரண்டே கதவு வைத்த தன் சிவப்புக் காரில் ஏறி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போட்டியும் இல்லாமல் பரிசும் இல்லாமல், புறப்பட்ட இடத்துக்கே எவ்வளவு சீக்கிரம் திரும்பி வரலாம் என்று பொழுது சாய்கிற வரைக்கும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். யாரும் துரத்தவில்லை. எங்கேயும் போகவும் இல்லை. ஆனாலும் அப்படி ஓர் அவசரம்.

இந்த இனத்தில் ஒருவரை எங்கள் குடும்பம் பெண் கொடுத்து வாங்கியிருக்கிறது. என் அக்காவின் கணவர், பல் வைத்தியர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மாப்பிள்ளை.

அத்தான் முதல் முறை அந்தத் தடத்தில் ஓட்டியபோது ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் நான்கு நொடி ஆயிற்று. புதியவருக்கு இது மோசமில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்களாம். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். யாரோ ஒரு புண்ணியவான், "ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா அடுத்த குரூப்ல சேத்துக்குவாங்க சார்" என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அத்தான் தூங்குவதும் விழிப்பதும் அந்த நான்கு நொடியோடுதான்.

நான்கு நொடியைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்? நீங்களும் நானும் விவரம் தெரியாதவர்கள். நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்போம். நொடிக்காரருக்கு அப்படிப்பட்ட மட்டமான எண்ணங்கள் தோன்றுவதில்லை. குற்றம் எப்போதும் இன்னும் மாற்றப்படாத பாகத்தில் இருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். முதலில் பிரேக்கை மாற்றினார். இரண்டு நிமிடம் நான்கு நொடி. பிரேக் பிரமாதம், டயர்தான் சாலையைப் பிடிக்கவில்லை என்று டயரை மாற்றினார். இரண்டு நிமிடம் நான்கு நொடி. டயர் பிடிக்கிறது, ஸ்பிரிங்தான் சாய்கிறது என்று அதை மாற்றியதில் கார் தரையோடு தரையாக இறங்கி, எங்கள் தெருமுனை வேகத்தடையைத் தாண்டும்போதெல்லாம் வயிறு உரசி அலறியது. சைலன்சரை மாற்றினார்; நேரம் குறையவில்லை, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி மட்டும் தன் சன்னலை நிரந்தரமாகச் சாத்திவிட்டார்.

அவருடைய கிளினிக்குக்குப் போனால் இந்தக் கொடுமையை இன்னும் அருகில் பார்க்கலாம். நான் கடைவாய்ப் பல்லுக்காகக் காத்திருந்தபோது உள்ளே ஒரு அம்மாள் வாயில் பஞ்சோடு மல்லாந்து கிடந்தார். அவரிடம் அத்தான் திருப்பங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். "பிரேக்க எப்ப மிதிக்கிறோம்கிறது பெரிசில்லம்மா, எந்த பிரேக் போட்டிருக்கோம்கிறதுதான் விஷயமே." அந்த அம்மாள் "ஆ" என்றார். "அதேதான்" என்றார் அத்தான். சிகிச்சை முடிந்து அவர் எழுந்ததும், தினமும் இருபது பேரிடம் சொல்வதை அவரிடமும் சொல்லி அனுப்பினார்: "விலை ஒசந்த பிரஷ் வாங்கிப் பிரயோஜனம் இல்லம்மா. தேய்க்கிற முறைய மாத்துங்க." சொன்னவருக்குக் காது கேட்காதா என்று கேட்கிறீர்கள். நன்றாகக் கேட்கும். சைலன்சரின் சத்தம் மாறியிருப்பதை மூன்று தெரு தள்ளிக் கண்டுபிடிப்பார்.

மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லாதபோது நொடிக்காரர் கழற்ற ஆரம்பிப்பார். உபரிச் சக்கரம், ஜாக்கி, தரைவிரிப்பு, குளிர்சாதனம் என்று போய், கடைசியில் பின் சீட்டும் வெளியே வந்தது. வீட்டில் இருப்பது அந்த ஒரே கார். ஒன்பது வயது மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நான் எங்க உக்காருவேன்?"

"கார் பதினெட்டு கிலோ குறைஞ்சிருக்கு கண்ணு."

குழந்தையின் எடையையும் சேர்த்து நாற்பதுக்கு மேல் மிச்சப்படுத்திவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது. சொந்த வயிற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையை முன் சீட்டில் உட்காரவைக்க அக்கா சம்மதிக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பெண் நீச்சல் பயிற்சிக்கு விடிவதற்கு முன்பே எழுந்து, அம்மாவோடு இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ்ஸில் தூங்கி, ஈரத் தலையோடு பள்ளிக்கூடத்தில் மறுபடி தூங்கினாள். பின் சீட்டு ஹாலில் டிவிக்கு எதிரே கிடந்தது.

என் அக்கா மருத்துவமனையில் வார்டு நர்ஸ். கத்துகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள் என்பதால் தான் கத்த மாட்டாள். ஒருநாள் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"இந்த வருஷக் கடைசி வரைக்கும் பாக்கிறேங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துட்டீங்கன்னா இது ஹால்லயே கெடக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலைன்னா திரும்ப மாட்டி, காலையில அவள நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். தெனமும்."

அத்தான் ஒப்புக்கொண்டார். பதினோரு மாதத்தில் பலவற்றை வாங்கினார். எத்தனை முறை சுற்றினாலும் நேரம் அசையவில்லை. அந்தத் தடத்தில் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் இருக்கிறாராமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அது புதுசா வர்றவங்களுக்கு மாப்ள" என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா, மகள், நான் மூவரும் போயிருந்தோம். காலையில் அத்தான் இரண்டு முறை தடத்தை விட்டு வழுக்கிப் புல்லில் போய் நின்றார். பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்தால்தான் இனி ஓட்டலாம் என்று நிர்வாகத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். காரில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த, ஒவ்வொரு சுற்றையும் தானாக அளந்து பதியும் நேரங்காட்டியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டது. திருப்பத்துக்குத் திருப்பம் அத்தான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"கைய இறுக்காதீங்க சார். பிரேக்க மெதுவா விடுங்க. அடுத்த திருப்பம் எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க."

வழக்கமாக அத்தான் வருவது அரை மைலுக்கு முன்பே கேட்கும். டயர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஊரைக் கூட்டும். இந்த முறை கார் ஓசையில்லாமல் வந்து ஓசையில்லாமல் போனது. "அப்பா இன்னைக்கு ஏன் மெதுவாப் போறாரு மாமா?" என்றாள் மகள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்காவது சுற்று முடிந்து காரை நிறுத்தியதும் பயிற்சியாளர் இறங்கி வந்து ஸ்டாப்வாட்ச்சை எங்களிடம் நீட்டினார்.

ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பந்தயத்தில் தோற்றவள் அவள். இனி அந்த இரண்டு பஸ்ஸும் நிரந்தரம். இருந்தும் மனம் நிறைந்து சிரித்தாள். எனக்குமே அந்த மனிதர் மேல் அன்பு வந்துவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அது நீடிக்கவில்லை.

அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். உப்பில்லாததை வாயில் போட்டுக்கொண்டவர் போல் இருந்தது முகம்.

"இருக்காது" என்றார்.

"எது சார்?"

"நான் ஓட்டவே இல்லைங்களே. சும்மா உக்காந்து போயிட்டு வந்தேன். டயர் கத்தல. எனக்கு வேர்க்கக்கூட இல்ல."

"அதனாலதான் நேரம் கொறைஞ்சுது."

"உங்க ஸ்டாப்வாட்ச் பழசுங்களா?"

"கையால அழுத்துறது, அரை நொடி முன்னப்பின்ன இருக்கும். அப்பவும் ரெண்டு நிமிஷத்துக்குள்ளதான் சார்."

"மெஷின்ல பதியாதது நேரமே இல்லைங்க. என்னோடத குடுங்க."

பயிற்சியாளர் அவரை ஒருமுறை பார்த்தார். வாதாடவில்லை. நேரங்காட்டியைக் கொடுத்துவிட்டு, இனித் தனியாகப் போகலாம் என்று நிர்வாகத்தாருக்குக் கை காட்டினார். அத்தான் அதைப் பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டு, உண்மையை நிலைநாட்டப் புறப்பட்டார். அதன்பின் நடந்ததை அந்த வட்டாரமே கேட்டது. திருப்பத்துக்குத் திருப்பம் அலறல், புகை, ரப்பர் நாற்றம்; பின்பக்கம் ஒருபக்கம் போக முன்பக்கம் வேறுபக்கம் போக, அவர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிய அழகைப் பார்த்து மகளே கைதட்டினாள். இறங்கியபோது தொப்பலாக நனைந்திருந்தார். முகத்தில் அப்படி ஓர் ஒளி. நேரங்காட்டியை எங்கள் மூக்கருகே நீட்டினார்.

இரண்டு நிமிடம் நான்கு நொடி.

"இதுதான் நிஜம். நான் சொல்லல? டயர்தான் தாங்க மாட்டேங்குது மாப்ள."

அக்கா வார்டில் காய்ச்சல் குறிக்கிற குரலில் கேட்டாள்.

"அப்ப உங்க நேரம் ரெண்டு நாலுதாங்களா?"

"ரெண்டு நாலுதான்."

"அந்தம்மா சொன்னது?"

"தப்பு. மெஷின் பொய் சொல்லுமா?"

"சரிங்க. சீட்ட எப்ப மாட்டுறீங்க?"

தான் என்ன பேசியிருக்கிறோம் என்பது ஒரு கணம் கழித்துத்தான் அவருக்கு எட்டியது. "இல்லம்மா, அவங்க ஸ்டாப்வாட்ச்ல..." என்று ஆரம்பித்துப் பயிற்சியாளரைத் தேடினார். அந்த அம்மாள் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, வேறொரு நொடிக்காரரின் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

இப்போது தினமும் காலையில் மகளை அத்தான்தான் நீச்சலுக்குக் கொண்டு விடுகிறார். பின்னால் குழந்தை இருக்கிறாள் என்ற நினைப்பில் பதமாகப் போய்ப் பதமாக வருகிறார். "அப்பா சூப்பரா ஓட்டுறாரு மாமா, குலுங்கவே மாட்டேங்குது" என்று அவள் என்னிடம் சொன்னதை அவர் கேட்டுவிட்டார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

உங்களிடம் சிவப்புக் கார் இல்லை, தெரியும். ஹெல்மெட்டும் இல்லை. இத்தனை நேரம் நிம்மதியாகத்தான் சிரித்திருப்பீர்கள். ஆனால் உங்களுக்கும் ஏதோ ஒன்று வியர்க்காமல் வந்துவிடும். ஒரு கடிதம், ஒரு சமாதானப் பேச்சு, அழுகிற குழந்தையைத் தூங்கவைப்பது. நீங்கள் முட்டி மோதிச் செய்ததையெல்லாம் தாண்டிப் போய், யாரோ ஒருவர் அதை மட்டும் பாராட்டியிருப்பார். அவரை நீங்கள் இன்னும் மன்னித்திருக்க மாட்டீர்கள்.