திருவேங்கடம் நடந்த தூரம்

நாளை காலை முதல் தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பதென்று திருவேங்கடம் முடிவெடுத்தார். உண்மையில் முடிவெடுத்தது, அவருக்குச் சர்க்கரை கண்டுபிடித்த டாக்டர். அதை நிறைவேற்றக் கங்கணம் கட்டிக்கொண்டது மனைவி சம்பூர்ணம். இவருக்கு மிச்சமிருந்தது தலையாட்டும் வேலை. அதைக் குறைவில்லாமல் செய்தார்.

முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, ஓடுகிற பஸ்ஸுக்குள் முன்னும் பின்னுமாக நடந்ததைக் கூட்டினால் காசிக்கே போய் வந்திருக்கலாம். ஓய்வு பெற்ற மனுஷனை மறுபடி நடக்கச் சொல்வது அநியாயம் என்பது அவர் கட்சி. ஆனால் சம்பூர்ணத்தின் அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் அடிக்கடி இவர் காலைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பயந்திருக்கிறவளிடம் கட்சி பேச முடியுமா?

விடியுமுன் கொளவாய் ஏரிக்கரைக்குப் போனார். நூறடி நடந்ததும் ஹெலனின் டீக்கடை வந்தது. மசால் வடை எண்ணெயிலிருந்து அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தது. நடை அத்துடன் முடிந்தது.

வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். நாவலூரில் வேலை பார்க்கும் மகள் சுஜாதா வாங்கிக் கொடுத்த போனும் மூன்று கால் ஸ்டாண்டும் பையில் இருந்தன. ஏரியைப் படமெடுத்துக் காட்டினால் நடந்ததற்கு டிக்கெட் வாங்கிய மாதிரி. கடைக்கு முன்னாலிருந்த குட்டைச் சுவர்மேல் வடைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். சுவருக்கு இப்பால் ஸ்டாண்டை நட்டு, ஹெலனின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணிவரை, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் பதினாறு படங்கள்.

ஏமாற்றப் போன இடத்தில் அவரே மாட்டிக்கொண்டார். முதலில் ஏரியும் வானமும் ஒரே சாம்பலாகத்தான் கிடந்தன. பிறகு வானம் சிவந்தது. தண்ணீர் அதைக் கொஞ்சம் தாமதித்து வாங்கிக்கொண்டது. ஆறேகால்வரை கொக்குகள்கூட சாம்பல்தான்; அதற்கப்புறம்தான் வெளுத்தன. முப்பத்திரண்டு வருஷம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே டிக்கெட் கிழித்தவருக்கு, ஏரியும் கடலும் ஸ்டாப்பிங் பெயர்களாக மட்டுமே இருந்தன. இதெல்லாம் தினமும் நடந்துகொண்டுதானே இருந்திருக்கிறது என்று நினைத்தபோது வாயிலிருந்த வடையை விழுங்க மறந்தார். கொஞ்ச நேரம்தான்.

“இன்னாங்க, நடந்தீங்களா?” என்றாள் சம்பூர்ணம், வீட்டு வாசலிலேயே.

“நடக்காம இன்னா? தோ, போட்டோ பாரு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசிக்குப் போய்விட்டு மறுபடி முதல் படத்துக்கு வந்தாள். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிய பஸ்ஸில் நிற்கிற மாதிரி அவர் விறைப்பாக நின்றார்.

“நல்லா கீதுங்க,” என்றாள். “தண்ணி வழியற கலங்கலாண்டர்ந்து எடுத்தா இன்னும் நல்லாருக்கும்ல?”

“அது ரெண்டு கிலோமீட்டர் கீதே.”

“அப்ப வேணா உடுங்க. எனுக்குப் பாக்கணும்னு ஒரு ஆச. அவ்ளோதான்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் பார்க்க ஆசைப்பட்டதில்லை. மறுநாள் கலங்கலுக்குப் போனார்.

அதன்பின் அவளுக்கு ஆசைகள் பெருகின. பனைமர வரிசை வேண்டும். எதிர் வெயிலில் வேண்டும். மின்சார ரயில் போகும்போது வேண்டும். ஒரே இடத்துப் படம் அவளுக்கு அலுத்துப்போய்விடும். வெளிச்சமோ யாருக்காகவும் நிற்காது. ஆறேகாலுக்குள் போய்ச் சேர வேண்டும். அவர் வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

“இன்னா அண்ணாத்த, கடையக் கண்டுக்காம பறந்துகினு கீற?” என்று ஹெலன் கேட்டாள்.

“வெளிச்சம் பூடும் ஹெலன்.”

நாலு மாசத்தில் இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஓட்டை குறைந்தது. டாக்டர் சிரித்தார். சம்பூர்ணம் கோயிலுக்குப் போய் வந்தாள். கல்யாண நாளுக்கு ஒரு படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டுத் தருவதாகச் சொன்ன சுஜாதா, அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள். கலங்கல் படம்தான் வரும் என்று திருவேங்கடத்துக்கு நிச்சயம். ஒரு மழை விட்ட காலையில், வழிகிற தண்ணீரில் பொன் உருகியதைப் பிடித்திருந்தார். அவளும் நன்றாக இருக்கிறதென்று சொல்லியிருந்தாள்.

ஹாலில் வந்து தொங்கியது, முதல் நாள் எடுத்த ஒன்பதாவது படம்.

இதில் என்ன கண்டாள்? கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். ஏரி, வானம், கொக்கு. கீழே இடது மூலையில் குட்டைச் சுவர். சுவர்மேல் காகிதம். காகிதத்தில் மசால் வடை, இரண்டரை.

“மொத நாளே தெரியுமா ஒனுக்கு?” என்றார், சமையலறைப் பக்கம் திரும்பாமலே.

“பதினாறு படத்துலயும் அதே சொவுரு, அதே எடம். மொத படத்துல நாலு வட. கடசி படத்துல வெறுங் காயிதம்.”

முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்தவர் அவர். வானத்தைப் பார்த்த கண் வடையைப் பார்க்கவில்லை.

“அப்பவே கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா சண்ட போட்டுகினு வூட்லயே குந்திகினு இருப்பீங்க. எங்கண்ணன் அப்டித்தான் குந்திகினு இருந்தாரு.” கடைசி வார்த்தையில் அவள் குரல் இறங்கிவிட்டது.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். இவ்வளவு நாள் தன்னை நடத்திக்கொண்டு போனது எந்தப் பயம் என்று இப்போதுதான் புரிந்தது. கோபம் வரவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். போட்டோக்காரர் ஆகிவிட்டாரே.

“அது போவட்டும். கலங்கல் படம் நல்லா கீதுன்னியே, அதுவாச்சும் நெஜந்தான?”

சம்பூர்ணம் கரண்டியும் கையுமாக வந்து நின்று கொஞ்சம் யோசித்தாள்.

“அது லேசா ஆடிப்போய் கீதுங்க. நாளைக்குப் போய் இன்னொரு தபா எடுத்துகினு வாங்க.”