மாட்டுக்குப் போட்ட பலகை

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்காக நான் ஒரு வீடு கட்டினேன். கட்டி முடித்துப் பார்த்தால், அந்த வீட்டுக்குள் நுழைய முடியாத ஒரே ஆள் என் அம்மாதான்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. காண்ட்ராக்டர் மேல் கோபம். வாஸ்து பார்த்தவர் மேல் கோபம். "வீடு பிரமாதம் லா" என்று பாயசம் குடித்துவிட்டுப் போன அத்தனை சொந்தக்காரர்கள் மேலும் கோபம். ஆனால் இவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால், எல்லாருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பவள் ஏழு வருடத்துக்கு முந்தைய நான்தான். அவளை நாலு அறை அறையலாம் என்றால் கை எட்டவில்லை.

அந்த மகராசியைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். பெயர் கலா. செனாய் என்கிற ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. மூடி ஒன்று அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் ஒரு லோரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவாள். "கலா கிட்ட மாட்டுனா தப்பிக்க முடியாது" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வதைப் பாராட்டு என்று நம்பிக்கொண்டிருந்தாள். (திட்டு என்பது எனக்குப் புரியவே ரொம்ப நாளாகியது.)

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு திரும்பியது, கால் திரும்பவில்லை. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். பெர்மாஸ் ஜெயாவில் அண்ணன் வீட்டில் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று அண்ணன் சொல்வார். பார்த்துக்கொண்டது அண்ணி.

ஒரு தீபாவளிக்கு அங்கே போயிருந்தேன். அம்மா குளிக்கும் அறைக்குக் கதவே இல்லை. கழற்றி வெளியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார் அண்ணி. எனக்கு வந்ததே ஆத்திரம். முறுக்கும் நெய்யுருண்டையுமாக வீடு நிறைய விருந்தாளிகள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"வயசான மனுஷி குளிக்கிற எடத்துக்கு ஒரு கதவு கூடவா அண்ணி இல்ல?"

"கதவு இருந்தா தோதுப்படல கலா" என்றார் அண்ணி. மேற்கொண்டு அவரைப் பேச விட்டால்தானே. என் வீடு எழும்பட்டும், அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ராணி மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று சபதமே போட்டுவிட்டேன். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து போன் போட்டால் போதும், சுவர் எழும்பியாச்சா, கூரை வந்தாச்சா என்றுதான் முதல் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் "எம்மக எனக்குன்னு வீடு கட்டுறா" என்று சொல்லிவைத்திருந்தார்.

சரி, அம்மாவுக்கென்று கட்டியவள் எப்படிக் கட்டினாள்?

நானும் என் கணவரும் இருந்த வாடகை வீட்டில் இரண்டு முறை வெள்ளம் புகுந்திருந்தது. இரண்டாவது முறை என் ஐஸ்பெட்டி ஹாலுக்கு நீந்தி வந்தது. அதனால் புது வீட்டை மூன்றரை அடி தூக்கச் சொன்னேன். வாஸ்து பார்த்தவர் படி ஒற்றைப்படையில் வர வேண்டும் என்றார். ஏழு படி. பார்ப்பதற்குக் கோயில் மாதிரி கம்பீரமாக இருந்தது. (அந்த இடத்தில் இன்றுவரை ஒரு சொட்டு வெள்ளம் வந்ததில்லை. வந்தாலாவது மனசு ஆறும்.)

காண்ட்ராக்டர் வயதான சீனர். படிக்குப் பக்கத்தில் சரிவாக ஒரு பாதை போடட்டுமா கக்கா என்று மலாய் மொழியில் கேட்டார். (கக்கா என்றால் அக்கா.) நான் கட்டுவது வீடா கிளினிக்கா என்று திருப்பிக் கேட்டேன். மனிதர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? இதற்கும் அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. நியாயமில்லைதான். கோபம் நியாயம் பார்த்தா வருகிறது?

அம்மாவின் அறைக்குள்ளேயே குளியலறை வைத்தேன். பூஜை அறையிலிருந்து பார்த்தால் குளியலறைக் கதவு தெரியக் கூடாது என்றார் வாஸ்துக்காரர். சரி என்று மூலைக்குத் தள்ளினேன். அந்த மூலையில் எனக்குச் சுவரோடு சேர்ந்த அலமாரியும் வேண்டும். அலமாரி போக மிச்சம் இருந்த இடத்தில் ஒரு ஒல்லிக் கதவுதான் வந்தது. ஒல்லியாக இருந்தால் என்ன? பூ வேலை செய்த கதவு. அண்ணி பார்க்க வேண்டும் என்றே தேடித் தேடி வாங்கியது. தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க வாசலில் நான்கு அங்குலத்துக்கு ஒரு திட்டு வேறு. விளக்கு சுவிட்ச் எல்லாம் என் தோள் உயரத்தில். என் தோளுக்குத்தான், அம்மா தோளுக்கு இல்லை.

டைல்ஸ் நிறம் ஒரு பொட்டு மாறியிருந்ததற்காக மூன்று பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். ஜன்னல் சட்டத்தை ஒவ்வொன்றாக அளந்தேன். சக்கர நாற்காலியின் அகலத்தை மட்டும் ஒரு நாள்கூட அளக்கவில்லை. வீடு கட்டுகிறவர்களே, இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாட்டுக்காரர் ரெங்கத்திலிருந்து போன் செய்தார். வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டும் அல்லவா? எத்தனை படி என்று கேட்டார். பெருமையாக ஏழு என்றேன். மாடு ஏறாது, கால் பிசகிவிடும், பலகை போட்டு வையுங்கள் என்றார்.

உடனே வேலையில் இறங்கினேன் பாருங்கள். சாரம் கட்டிய நீளப் பலகைகளைப் படிமேல் சரிவாகப் போடச் சொல்லி, குறுக்கே கட்டை அடிக்கச் சொன்னேன். குளம்பு வழுக்கும் என்று மேலே சாக்கு விரித்தேன். நானே மூன்று முறை ஏறி இறங்கி ஆட்டம் இருக்கிறதா என்று சோதித்தேன். அதோடு விட்டேனா? மாட்டுக்காரரை மறுபடியும் கூப்பிட்டு மாட்டின் அகலம் என்ன என்று கேட்டு, டேப் எடுத்து வாசல் நிலையை அளந்தேன். தாராளமாகப் போகும் என்று தெரிந்ததும்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

விழா அன்று காலை பசு அந்தப் பலகையில் மணப்பெண் மாதிரி ஏறிப் போனது. கன்றுகூடத் தயங்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். பூஜை நடந்தது, பால் பொங்கியது. பலகை கிடந்தால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று அதைத் தூக்கிப் பின்பக்கம் போடச் சொன்னேன். அப்போதுதான் அண்ணன் கார் வந்தது.

அம்மா பட்டுப்புடவையில், தலையில் பூ வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் முதல் படிக்கு முன்னால் வந்து நின்றார். நான் மேலே ஏழாவது படியில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். நடுவில் ஏழு படி.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாலு பேர் தூக்கினால் போதும் என்றார் ஒரு மாமா. (அவர் அந்த நாலு பேரில் ஒருவராக வரவில்லை.) அண்ணனும் என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து ஈரமாகியிருந்த படிகள். மூன்றாவது படியில் ஒருவருக்குக் கால் வழுக்க, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா நல்ல கையால் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய கீழ எறக்குங்கப்பா."

இறக்கினார்கள். அப்போது அண்ணி நிதானமாகக் கேட்டார்.

"மாடு எப்படி ஏறுச்சு?"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பலகையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சாக்கில் பசு தன் ஆசீர்வாதத்தை வேறு விட்டுவிட்டுப் போயிருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டு, என் அம்மாவை மாட்டுப் பலகையில் ஏற்றினோம். மேலே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டுக்காவது யோசிச்சியே கலா, நல்ல வேள."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அரை மணி நேரம் கழித்து அம்மா அறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். என்னை இல்லை, அண்ணியை. பெர்மாஸ் ஜெயாவிலிருந்து நெரிசலில் வந்து, வாசலிலும் அவ்வளவு நேரம் காத்திருந்தவருக்கு அவசரம். நான் முந்திக்கொண்டு நாற்காலியைக் குளியலறைக்குத் தள்ளினேன். முன் சக்கரம் திட்டில் முட்டியது. தூக்கித் தள்ளினேன். பூ வேலை செய்த கதவில் இரண்டு பக்கமும் இடித்துச் சிக்கிக்கொண்டது. பின்னால் இழுத்து, கோணலாகத் திருப்பி, திரும்பவும் தள்ளினேன். வியர்த்துக் கொட்டியது. என் அம்மாவை நான் கதவில் மோதவைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி வந்து கதவின் கீலை ஒரு பார்வை பார்த்தார். "கதவ கழட்டுனா ரெண்டு இன்ச் கெடைக்கும் கலா. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

அந்த நொடியில்தான் எனக்கு வாத்துத் திரை புரிந்தது.

என் வீட்டுக்காரர் புது வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடி எடுத்து வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அம்மாவால் அடக்க முடியவில்லை. பட்டுப்புடவை நனைந்து, தரையில் நான் பார்த்துப் பார்த்துப் போட்ட டைல்ஸில் ஓடியது. அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஹாலில் யாரோ என் சாண்ட்லியரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணி அறைக் கதவைச் சாத்தினார். தன் பையிலிருந்து ஒரு கைலியும் துண்டும் எடுத்தார். எங்கே போனாலும் கொண்டுபோவார் போலிருக்கிறது. என்னை ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு நான் அம்மாவுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

சாயங்காலம் அம்மா அண்ணனோடு திரும்பிப் போய்விட்டார். "வீடு அழகா இருக்கு. நான் அப்புறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்காக விரித்த கட்டிலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

மறுநாள் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். முழுவதும் கேட்டுவிட்டு, சரிவுப் பாதை பற்றி நான் அன்றைக்கே கேட்டேனே கக்கா என்றார். போனை வைத்துவிட்டேன். கத்துவதற்கு வேறு ஆள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். அண்ணியிடம் கேட்பதைவிட அந்த டேப்பை முழுங்கிவிடலாம் என்றிருந்தது. கேட்டேன். அண்ணி மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். நாற்காலி அகலம் மட்டும் போதாது, சக்கரத்தை உருட்டும் விரலுக்கும் இரண்டு பக்கமும் இடம் வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே ஆள் விழுந்து கிடந்தால் உள்பக்கக் கதவைத் திறக்கவே முடியாது. திட்டு கூடாது, தண்ணீர் ஓட்டத்துக்குத் தரையில் லேசான சரிவு போதும். சுவிட்ச் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்ட வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற இடம் வேண்டும். எந்த வாஸ்துக்காரரும் எனக்கு இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"இதெல்லாம் யார் அண்ணி சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல. ஒவ்வொண்ணா இடிச்சுக்கிட்டோம்" என்று வலது கையை நீட்டினார். விரல் முட்டிகளில் எல்லாம் பழைய தழும்பு. இரண்டு வருடமாக என் அம்மாவைக் கதவிடுக்கில் தள்ளிக்கொண்டு போன கை.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் தப்பா பேசிட்டேன் அண்ணி."

"ம். டேப்ப அந்தப் பக்கம் பிடி" என்றார்.

பிறகு ஐந்து மாதம் புது வீட்டை இடித்தோம். அலமாரி போனது, பூக்கதவு போனது. வாசலில் சரிவுப் பாதை வந்தது. மூன்றரை அடி உயரத்துக்கு அது நாற்பது அடிக்கு மேல் நீளும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் வீட்டை அவ்வளவு தூக்கியிருப்பேனா? என் ரோஜாத் தோட்டத்தை முழுசாக விழுங்கிக்கொண்டு, வீட்டைப் பாதி சுற்றி வருகிறது. வேலை முடிந்ததும் அண்ணி வந்தார். அம்மாவைக் கூட்டிவரவில்லை, நாற்காலியை மட்டும் கொண்டுவந்தார். அதில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைத் தள்ளச் சொன்னார். வாசல், ஹால், அறை, குளியலறை, திரும்ப வாசல் என்று மூன்று தடவை. எனக்கு மூச்சு வாங்கியது. எந்த இடத்திலும் இடிக்கவில்லை என்று ஆன பிறகுதான் இறங்கினார். அடுத்த வாரம் அம்மா வந்தார். இன்றுவரை என்னோடுதான் இருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் யார் வீடு வாங்கினாலும், கட்டினாலும், சமையலறையை மாற்றினாலும், இப்போது முதல் கேள்வி "கலாவோட மாட்டுக்கு அளவு எடுத்தாச்சா?" என்பதுதான். கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிப் புது மருமகள்களுக்கு அந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் சுர்ரென்று ஏறும்.

எல்லாரையும்விட மோசம் அம்மாதான். வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, தேத்தண்ணீர் வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "எம்மக எனக்குத்தான் இந்த வீட்டக் கட்டுனா. ஆனா மொதல்ல மாடு குடி வந்துச்சு, அஞ்சு மாசம் கழிச்சு நான் வந்தேன்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் தட்டை டொக்கென்று வைப்பேன். அதற்கு மேல் அம்மா சொல்ல மாட்டார். அந்த அறையைப் பற்றி, அந்தப் புடவையைப் பற்றி, இந்த ஏழு வருடத்தில் ஒரு ஆளிடம்கூட அவர் வாய் திறந்ததில்லை.