குண்டு விழும் ஊரில் வாடகைக்கு வீடு

மனித குலம் முழுமையாகத் திருந்தியது ஒரு சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஆழ்வார்பேட்டையில், ஏசி போட்ட ஒரு சிற்றரங்கில். ஃபராஸ் அதற்குக் கண்கண்ட சாட்சி.

இரண்டாம் உலக யுத்த காலத்துச் சிரிப்புப் படம் ஒன்றை 'பண்பட்ட ரசிகர் பேரவை' மறுபடி திரையிட இருந்தது. மனம் புண்படும் இடங்களை அகற்ற ஒரு குழு. தலைவர், மயிலாப்பூர் பத்ரிநாராயணன். பழைய பிரதியைக் கணினியில் சுத்தம் செய்துகொடுத்த ஃபராஸ், அன்று காலை முதல் 'சம்பந்தப்பட்ட சமூகத்தின் பிரதிநிதி'யாகவும் பதவி உயர்வு பெற்றிருந்தான். சம்பளம் ஏறவில்லை.

அவன் கவலையோ வேறு. மனைவி ஜுவேரியாவுக்கு ஏழாம் மாதம். ஆதம்பாக்கம் வீட்டை முப்பதாம் தேதிக்குள் காலி செய்தாக வேண்டும். மூன்று மாதமாகத் தேடி அலுத்துவிட்டான். தலைவர் வீட்டு மாடி காலி. கேட்டில் டு-லெட் பலகை தொங்குவதை வரும் வழியில்தான் பார்த்தான்.

குழு கடமையில் இறங்கியது. பல் துருத்திய ஜப்பான்காரன் போனான். பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சல்யூட் அடிக்கும் கூர்க்காவும் போனான். பிறகு வந்தது அந்தக் காட்சி. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டுகிறது. ஒட்டுத்தாடி வைத்த அத்தர் பாய் வாடகைக்கு வீடு தேடி வருகிறார். வீட்டுக்காரர் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, வேட்டி அவிழ, ஜட்காவின் பின்னால் ஓடுகிறார்.

"சீச்சீ! ஒரு மனுஷரை இப்படியா காட்டறது? மனசு பதறறது" என்றார் தலைவர். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "ஃபராஸ், உங்களவா எல்லார்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"சார், உங்க மாடி போர்ஷன் காலியா இருக்குன்னு..."

"அதுவா? எனக்கு ஒண்ணுமே இல்லைப்பா. ஆத்துக்காரி காமாக்ஷிதான் வெஜிடேரியனா பார்த்துண்டிருக்கா."

"நாங்க முட்டைகூட வாங்க மாட்டோம் சார்."

"அதில்லை. அமெரிக்காலேர்ந்து பையன் வந்தாலும் வருவான்."

"எப்ப சார் வர்றாரு?"

"பதினோரு வருஷமா வரேன்னுண்டிருக்கான்."

ஜுவேரியாவிடம் என்ன சொல்வது?

தலைவர் தீர்மானத்துக்குத் தாவினார். "அந்தக் காட்சியை வெட்டிடலாம். 'இத்தகைய இழிவு இன்று எண்ணிப்பார்க்கவும் இயலாதது'ன்னு ஒரு கார்டு போடலாம். சம்பந்தப்பட்ட சமூகம் என்ன சொல்றது?"

"வெட்டாதீங்க சார்" என்றான் ஃபராஸ். "மூணு மாசமா அலையறேன். மயிலாப்பூர்ல எங்க ஆளு ஒருத்தர் கையில சாவி குடுத்து நான் பார்த்தது அந்த ஒரு சீன்லதான். அதுக்கே ஜப்பான்காரன் குண்டு எடுத்துக்கினு வரவேண்டியிருந்துச்சு."