தலைக்கு எவ்வளவு

"வேன் வேண்டாம். இதைவிட மலிவா ஒண்ணு கிடைக்கும்" என்று காலை நடையின் நடுவில் ராமானுஜம் அறிவித்தார். அவர் நின்றுவிட்டதால் பின்னால் வந்த நான்கு பேரும் நிற்க வேண்டியதாயிற்று.

"நேத்துதானே சார் வேன்னு முடிவு பண்ணோம்?" என்றார் ஹரிஹரன். "காஜா பாய்கிட்ட நீங்களேதானே பேசினீங்க?"

"பேசினேன், உறுதி பண்ணலை. ஆறாயிரம் கேக்கறார். பத்துப் பேருக்குப் பாத்தா தலைக்கு அறுநூறு. ஒரே இடத்துல விலை கேட்டுட்டு யாராவது பணத்தை எடுத்து நீட்டுவாங்களா?"

மணி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்திலேயே வீடு கட்டித் தங்கிவிட்ட ஐந்து பேர் அவர்கள். ஐந்து பேரும் மனைவியரோடு அந்தமான் போவதாக ஏற்பாடு. விமான டிக்கெட்டை ஹரிஹரன் எடுத்துவிட்டார். தங்கும் விடுதியை ஏசுபாதம் பேசி முடித்தார். வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் வரைக்குமான அறுபது சொச்சம் கிலோமீட்டர் மட்டும் ராமானுஜத்தின் பொறுப்பு. அதை அவரிடம் யாரும் கொடுக்கவில்லை. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. முப்பது வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் அலுவலகத்துக்குள் ஒரு துடைப்பம்கூட வந்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து புளி என்ன விலை என்றுகூட அவரை யாரும் கேட்பதில்லை. பத்துப் பேரும் ஒரே வண்டியில் போக வேண்டும், அவர் முன் சீட்டில் உட்கார வேண்டும், "ராமானுஜம் சார் இல்லேன்னா இவ்வளவு சல்லிசா முடிஞ்சிருக்காது" என்று பின்னாலிருந்து ஒரு குரலாவது வர வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை. ரொம்பப் பெரிய ஆசை என்று சொல்லிவிட முடியாது, பாவம்.

வீட்டில் சகுந்தலா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இந்தத் தடவையாவது போய்ச் சேந்துடுவோமா?"

"போறோமாங்கறது கேள்வியே இல்ல. எவ்வளவுல போறோம்? அதான் கேள்வி."

அவள் பெட்டியை மூடிவிட்டாள். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போவதாக இருந்தது. ரயிலா, பஸ்ஸா என்று இவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள் அனு பிறந்துவிட்டாள். காசிக்குப் போக வேண்டும் என்று சகுந்தலாவின் அம்மா கேட்டபோது மூன்று ஏஜென்ட்டுகளிடம் விலை கேட்டார். மூன்றாவது ஆள் விலை சொல்வதற்குள் அந்த அம்மாள் காசி தேவைப்படாத இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, முடியும் நரைத்துவிட்ட சகுந்தலா இன்றுவரை விமானத்தைத் தலைக்கு மேலே மட்டுமே பார்த்திருக்கிறாள்.

மறுநாள் ராமானுஜம் தன் கண்டுபிடிப்போடு நடைக்கு வந்தார்.

"பஸ்ல செங்கல்பட்டு. அங்கேர்ந்து லோக்கல் ட்ரெயின். திரிசூலத்துல இறங்கினா எதிர்ல ஏர்போர்ட். தலைக்கு ஐம்பது ரூபாகூட ஆகாது. இப்ப சொல்லுங்க!"

"பெட்டியெல்லாம்?" என்றார் ஹரிஹரன்.

"கையிலதான்."

"திரிசூலத்துல சுரங்கப்பாதை இருக்கு சார். படி இறங்கி ஏறணும். என் வீட்டுக்காரிக்கு ரெண்டு முட்டியும் போயிடுச்சு."

"மெதுவா ஏறட்டும். இதுக்குன்னே ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பிடலாம்."

சாயங்காலம் ஹரிஹரனிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. செங்கல்பட்டிலிருந்து மைத்துனன் கார் எடுத்து வருகிறானாம், அவர்கள் இருவரும் அதிலேயே போய்விடுவார்களாம்.

பத்து எட்டாயிற்று. ரயில் யோசனையை ராமானுஜம் பெருந்தன்மையோடு கைவிட்டு வேனுக்கே திரும்பினார். ஆனால் ஆறாயிரத்தை எட்டால் வகுத்தால் தலைக்கு எழுநூற்றைம்பது வருகிறது. அறுநூறையே தாங்காதவருக்கு அன்று ராத்திரி தூக்கம் எப்படி வரும்? காலையில் எழுந்ததும் புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் போய் காஜா மொய்தீன் பாயின் டிராவல்ஸில் உட்கார்ந்துகொண்டார்.

"பாய், பெரிய கார் ஒண்ணு இருக்குமே, எட்டுப் பேர் உக்கார்ற மாதிரி. அது எவ்வளவு?"

"நாலாயிரம் சார். ஆனா பொட்டி வெக்க எடம் பத்தாது."

"மேல கேரியர்ல வெச்சுக்கலாம்."

"எவ்ளோ வெயிட்டு வரும்னு தெரியணுமே சார். கண்டமேனிக்கு ஏத்துனா வண்டி தாங்காது."

இதைப் பாய் வாய்ப்பேச்சுக்குத்தான் சொன்னார். ராமானுஜம் பழைய பேப்பர்காரரிடமிருந்து தொங்கு தராசை இரவல் வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார்.

தமிழ்வாணன் வீட்டில் அவருடைய மனைவி எடுத்து வைத்திருந்த முறுக்கு டின் தராசில் ஏறியது.

"மூணு கிலோ! அந்தமான்ல முறுக்கு கிடைக்காதா?"

"எல்லாருக்கும் சேத்துதான் சார் சுட்டிருக்கா" என்றார் தமிழ்வாணன்.

"அப்ப பாதியை இப்பவே தின்னுடுங்க. இந்தப் பை என்ன?"

"அது... என் துணிங்க" என்று அந்த அம்மாள் உள்ளறையிலிருந்து சொல்வதற்குள் ராமானுஜம் பையைத் திறந்து, எதைக் குறைக்கலாம் என்று மேலாக இருந்த இரண்டு உருப்படிகளை வெளியே எடுத்துவிட்டார். அவை என்ன என்று பார்த்ததும் திரும்ப உள்ளே வைத்தார்.

அன்று இரவே தமிழ்வாணன் போன் செய்தார். தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம் முந்தின நாள்தான் வருகிறதாம், அங்கிருந்தே விமான நிலையத்துக்கு வந்துவிடுவார்களாம்.

எட்டு ஆறாயிற்று. நாலாயிரத்தை ஆறால் வகுத்தார் ராமானுஜம். மீண்டும் அறுநூறுக்கு மேல் போயிற்று. ஆள் குறையக் குறைய விலை ஏறுகிறது, விலை ஏற ஏற ஆள் குறைகிறது. இப்படி ஒரு சிக்கலைத் தன் சர்வீஸிலேயே அவர் பார்த்ததில்லை. யோசித்தபோது அவருக்கு ஒரு நியாயம் புலப்பட்டது. அவரும் சகுந்தலாவும் ஆளுக்கொரு தோள்பை மட்டும்தான் கொண்டுவரப் போகிறார்கள். ஏசுபாதம் வீட்டில் நாலு பெட்டி. அப்படியிருக்கத் தலைக்கணக்கு எப்படிச் சரியாகும்?

"பெட்டிக்கு அரை ஆள்னு வெச்சுக்கலாம் சார். உங்க வீட்ல ரெண்டு ஆள், நாலு பெட்டி. மொத்தம் நாலு தலை. சரிதானே?" என்று ஏசுபாதத்திடம் கேட்டார்.

ஏசுபாதம் நாகர்கோவில்காரர். தீயணைப்புப் பிரிவில் இருந்தவர், லேசில் கோபப்படமாட்டார்.

"நாலு தலையா? சரிவே. நாலு தலைக்கும் நாலு சீட்டு தருவீரா? பெட்டிய சீட்டுல வச்சு பெல்ட்டும் போட்டு விடுகேன்."

"விளையாடாதீங்க சார். இது நியாயமான கணக்கு."

"நியாயம்தான்" என்று ஏசுபாதம் சிரித்தார். சிரித்த கையோடு, மேடவாக்கத்தில் பெரிய பையன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு அங்கிருந்து வருவதாகச் சொல்லிவிட்டார்.

இனி மிச்சம் மணியும் அவர் மனைவியும்தான். நாலு பேருக்கு ஒரு சாதாரணக் கார் போதும், இரண்டாயிரத்து எழுநூறு. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கடற்கரைப் பக்கம் விசாரித்ததில் தினமும் விடியற்காலையில் சென்னைக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டி ஒன்று இருப்பது தெரியவந்தது. டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம்.

"லேடீஸ் ரெண்டு பேரும் முன்னாடி உக்காரட்டும் மணி. நாம பின்னாடி. ஐஸ் பெட்டி மேல தார்ப்பாய் போட்டுத் தருவாங்களாம். ஏ.சி. மாதிரி ஜில்லுனு இருக்கும்."

மணி அவரை வெகுநேரம் பார்த்தார். "நாங்க பாத்துக்கறோம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனியே நடக்கத் தொடங்கினார்.

அன்று மாலை ராமானுஜத்துக்கு மனசு விட்டுப் போயிற்று. பத்துப் பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகத்தானே இவ்வளவு அலைந்தார்? ஒருத்தருக்காவது அந்த நன்றி இருக்கிறதா?

"கௌரவம் சகுந்தலா, எல்லாம் வெத்து கௌரவம். மிச்சம் பிடிச்சுத் தரேன்னா கசக்குது. அவனவன் தனித்தனியா கார் வெச்சுக்கிட்டுத் தண்டம் அழப் போறான்."

"ஆமாங்க" என்றாள் சகுந்தலா. பிறகு மெதுவாக, "நான் வேணா முந்தின நாளே நாவலூர்ல அனு வீட்டுக்குப் போயிடறேன். அவ என்னை ஏர்போர்ட்ல விட்டுடுவா. உங்களுக்கும் செலவு மிச்சம்" என்றாள்.

ராமானுஜத்தின் முகம் மலர்ந்தது. இவ்வளவு வருடத்தில் தன் மனைவிக்குக் கணக்கு புரிந்த நாள் இதுதான் என்று நினைத்துக்கொண்டார். "பாத்தியா, நீ ஒருத்திதான் என்னைப் புரிஞ்சுக்கிட்டே" என்றார்.

அந்த நல்ல மனநிலையில் இருக்கும்போதுதான் காஜா மொய்தீன் பாயிடமிருந்து போன் வந்தது.

"சார், நீங்க ஊருக்குப் போற அன்னிக்கு நம்ம காரு ஒண்ணு ஏர்போர்ட்டுக்குக் காலியா போவுது. அங்கேர்ந்து சவாரி ஏத்தியாரணும். நீங்க ஒண்டியாதானே போறீங்க? அதுலயே ஏறிக்கோங்க."

"எவ்வளவு பாய்?"

"டப்பு ஒண்ணும் வாணாம் சார். காலியா போறதுதானே."

"ஒண்ணுமே வேண்டாமா?"

"ஒண்ணுமே வாணாம்."

சும்மா என்பதைவிடக் குறைந்த விலைக்கு வேறு யாராவது வருவார்களா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, ராமானுஜம் ஒப்புக்கொண்டார்.

பயண நாள் காலையில் பாயின் டிரைவர் அஜ்மல் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். தாடியில் நரை எட்டிப்பார்க்கும் வயது, அதிகம் பேசாத ஆள். ராமானுஜம் ஆசைப்பட்டபடியே முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால்தான் யாரும் இல்லை.

"அங்க யாரை ஏத்தப் போறே?"

"பாய்தான் போன் பண்ணுவாரு சார்."

"டோல்கேட் பக்கம் போகாதே. உள்ரோடு பிடிச்சுப் போ."

"டோலு உங்க காசு இல்ல சார்."

"யார் காசா இருந்தா என்னப்பா? காசு காசுதானே!"

அஜ்மல் டோல் வழியாகவே போனான். செங்கல்பட்டைத் தாண்டியதும் சாலைக்குப் பக்கத்திலேயே லோக்கல் ரயில் ஓடிவந்தது. ராமானுஜம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். பத்துப் பேர் இருந்திருந்தால் இந்நேரம் வண்டி கலகலவென்றிருக்கும். உண்மையில் அவருக்குப் பணம்கூடப் பெரிதாகப் படவில்லை, கூட ஆள் இல்லாததுதான் வலித்தது. அந்த வலியை அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆற்றிக்கொண்டார். மைத்துனன் காருக்கு ஹரிஹரன் போட்ட பெட்ரோல், தாம்பரத்திலிருந்து தமிழ்வாணனுக்கு ஆகும் கார் வாடகை, மேடவாக்கத்திலிருந்து ஏசுபாதத்துக்கு, மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தார். பல்லாவரம் வருவதற்குள் அவர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அத்தனை பேரும் செலவழிக்க, ஒருத்தர் மட்டும் ஒரு ரூபாய் இல்லாமல் வந்து இறங்குகிறார். இதை அவர்களிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதுதான் பாக்கி.

விமான நிலையத்தில் புறப்பாட்டு வாசலருகே கார் நின்றது. இறங்கும்போதே ராமானுஜம் அவர்களைப் பார்த்துவிட்டார். தூரத்தில் ஒன்பது பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். முறுக்கு டின் கைமாறிக்கொண்டிருந்தது. ஹரிஹரன் என்னவோ சொல்ல, மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுவில் சகுந்தலா. அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

"பாத்தியா அஜ்மல், எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாங்க" என்றார். குரல் தழுதழுத்தது. "என்ன இருந்தாலும் பழகின பழக்கம் விட்டுப்போகுமா?"

அஜ்மல் டிக்கியைத் திறந்து தோள்பையை எடுத்து நீட்டினான்.

"இந்தா, பாய்கிட்ட ஒண்ணு சொல்லு. அடுத்த வாரம் திரும்பி வர்றோம். அன்னிக்கும் இதே மாதிரி காலி வண்டி ஏதாவது இருக்கான்னு பாக்கச் சொல்லு. முடிஞ்சா அந்த வேன்! பத்துப் பேரும் ஒண்ணா, சும்மாவே வந்துடுவோம். அப்பவாவது இவங்களுக்கு என் அருமை தெரியட்டும்."

அஜ்மல் டிக்கியைச் சாத்தினான். சற்றுத் தயங்கினான். "ரிட்டனுக்கும் புக் ஆயிக்கீது சார்" என்றான்.

"புக் ஆயிடுச்சா? யார் பண்ணது?"

"வந்த மாறியேதான் சார், அவுங்க ஒம்போது பேரும் வேன்ல, நீங்க ஒண்டியா இந்தக் கார்ல. உங்க கார் வாடகைய தலைக்கு முந்நூறுன்னு ஒம்போது பேரும் போட்டுக்கினாங்க, வசூல் பண்ணி பாய் கையில குட்த்தது உங்க வூட்டம்மா."