பேர் சொல்லாத நேயர்

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் நேராக அருணகிரியின் கட்டிலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. கோயில் திருவிழா. ராத்திரி நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு அவன் பாலக்காடு போக வேண்டும். பகலில் தூங்காத டிரைவர் ஓட்டினால் வழியெல்லாம் ஆம்லெட்தான்.

"போய் நிறுத்தச் சொல்லட்டுமா, புள்ள?"

"சொல்லுங்களேன்," என்றாள் சுகன்யா. "என்ற தம்பி அன்பரசு மைக் செட்டு வாங்கிப் புடிச்ச மொத ஆர்டருங்க. அதையும் கெடுத்துப்போட்டு வாங்க. அப்பறம் சோத்துக்கு ஓட்டலப் பாத்துக்கலாம்."

அருணகிரி சத்தமில்லாமல் பின்வாசலுக்குப் போனான். மடியில் ஒரு பட்டன் போன் இருந்தது. கூட ஓட்டும் செந்தமிழன் கொடுத்தது. சிம் அவன் மாமியார் பேரில். "ஆருன்னு எவனாலயும் கண்டுபுடிக்க முடியாதுங்ணா" என்று சத்தியம் செய்திருந்தான்.

குரல் தெரியக்கூடாதே! வாயைத் துண்டால் இறுக மூடிக்கொண்டு மச்சினனின் நம்பரை அழுத்தினான்.

"பாட்டு போதுங்க!"

"அலோ? என்னங்க?"

"போதுங்க! போதுங்க!"

பாட்டு நின்றது. அருணகிரியின் முகம் மலர்ந்தது. மைக் கரகரத்தது.

"போடுங்க, போடுங்கன்னு போன் பண்ணிக் கேட்ட, பேர் சொல்லாத நேயருக்காக... அடுத்தடுத்து ரெண்டு பாட்டு!"

துண்டு செய்த வேலை. துண்டை எடுத்தான். பெண்குரலில் இழுத்தான்.

"சாமீ, போதுங்க சாமீ!"

"சாமி பாட்டுங்களாம்மா? போட்டறலாமுங்க!"

உடுக்கையும் பம்பையும் சேர்ந்துகொண்டன.

மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு கத்தினான். "காது... காதுங்க!"

"காதுல உழுகலைங்களா? இருங்க, இன்னொரு கொழாயைத் திருப்பியுடறேன்!"

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து சுகன்யா கூவினாள். "ஏனுங்க, காப்பி ஆறுது!"

பதறிப்போய் போனை அணைத்தான். நல்லவேளை, புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. சிம்மைவிட அதுதான் பெரிய பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டான்.

பொழுது சாய்ந்தபோது முதலாளி கூப்பிட்டார். லோடு நாளைக்குத்தானாம். ஸ்பீக்கரும் ஓய்ந்தது. அருணகிரி ஆனந்தமாகக் கால் நீட்டினான்.

"மாமா!"

அன்பரசு ஓடிவந்து கட்டிக்கொண்டான். கையில் பிரசாதப் பொங்கல்.

"நேயர் நீங்கதானுங்களா மாமா!"

"நானா? எந்த நேயரு மாப்ள?"

"நம்பரு புதுசுதானுங்க. ஆனா 'ஏனுங்க, காப்பி ஆறுது'ன்னு கூப்புட்டது என்ற அக்கா இல்லீங்களா?"

சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தம்பி மேல இத்தனை பாசத்த மறைச்சு வெச்சிருந்தீங்களா?" என்று பொங்கலில் நெய்யைக் கவிழ்த்தாள். சண்டை வந்திருக்க வேண்டிய வீட்டில் நெய் மணத்தது. அருணகிரி மறுக்கவில்லை, உருட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

அன்பரசு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"காலையில ஊரே வந்து திட்டுச்சுங்க மாமா. சரி, கழட்டிக்கிட்டுப் போயிரலாம்னு ஏணியில பாதி ஏறிட்டேன். அப்பத்தானுங்க உங்க போன் வந்துச்சு!"