வலது காலை முதலில் வைத்தவன்

என் உடம்பில் இரண்டு எலும்புகள் அதிகம். பெருமைக்காகச் சொல்லவில்லை, எக்ஸ்ரே படமே சாட்சி.

நாடு சுதந்திரம் பெற்ற வாரம். ஊர்வலம் பார்க்கப் பெஞ்சின் மேல் ஏறி நின்றவன், "மெர்டேக்கா!" என்று மலாய் மொழியில் விடுதலை முழக்கமிட்டுக்கொண்டே குதித்தேன். (நாடு எழுந்தது, நான் விழுந்தேன்.) இடது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கணுக்காலின் பின்பக்கம் மொச்சைக்கொட்டை அளவில் ஓர் எலும்பு தனியாக நின்றது.

"உடைஞ்சு விலகியிருக்கு. வீக்கம் வடியட்டும், அடுத்த வாரம் கீறி எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

காஜா பேராங் வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு நொண்டி வந்ததும் மாரியம்மன் படத்தின் முன் அழுதேன். "தாயே, கத்தி படாம காப்பாத்து. மொட்டை போடுறேன்."

"குதிக்கிறப்ப தாயைக் கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி காமாட்சி.

அறுவைக்கு முதல் நாள் மறுபடியும் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கட்டைப் பிரித்தார்கள், வீக்கம் வடிந்திருந்தது. படம் எடுப்பவர், "காலை மேல வைங்கண்ணே," என்றார். அம்மனை நினைத்துக்கொண்டு வலது காலை வைத்தேன். எந்தக் காரியத்துக்கும் வலது கால்தானே முதலில்? (அடுத்து இடது காலுக்கு முறை வரும் என்று காத்திருந்தேன். அவர் படத்தோடு போய்விட்டார்.)

டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்தார். "துண்டு அப்படியேதான் இருக்கு. நாளைக்குக் காலையில கீறிடலாம்."

"ஐயா... அது வலது காலுங்க."

"நோவுறது இடதுதானே? ஏன்யா வலதை வச்சீங்க?"

"சகுனத்துக்குங்க..."

காமாட்சி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை. என் வலது கணுக்காலை அழுத்தினார். "வலிக்குதா?"

"கூச்சமா இருக்குங்க."

பழைய படத்தை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு காலிலும் அதே மொச்சைக்கொட்டை.

"உடைஞ்ச துண்டுன்னா ஓரம் கரடுமுரடா இருக்கும். இது வழவழன்னு உருண்டையா இருக்கு. சில பேருக்குப் பிறவியிலேயே இருக்கிற எலும்பு. இடதுல வெறும் சுளுக்குதான்," என்றவர், காமாட்சியிடம் திரும்பினார். "இவர் தப்பு பண்ணலைன்னா நாளைக்கு நான் பண்ணியிருப்பேன்மா."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் தப்பு இப்பதான் முதல் தடவையா உருப்பட்டிருக்கு, டாக்டர்!"

மறுநாள் கத்திக்குப் பதில் சவரக்கத்தி. கோயிலில் மொட்டை போட்டேன். முடி எப்போதோ வளர்ந்துவிட்டது. ஆனால் இன்றும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், வாசற்படியில் நான் பக்தியோடு வலது காலை எடுத்து வைத்ததும், பின்னாலிருந்து காமாட்சியின் குரல் வரும்:

"ஏங்க, நோவுற கால் அதுதானா?"